சரங்களை வெட்டி ஒட்ட ஒரு குட்டி ஸ்டாக் மொழி

கோப்புப் பெயர்களைத் திருத்துவதற்கென்று ஒரு குட்டி மொழி எழுதினேன். "படம்_7" என்று கிடப்பதை "படம்_007" ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர்வாரியாக வரிசைப்படுத்தும்போது 10 முன்னால் வந்து 7 பின்னால் போய்விடும். இதற்குப் பைத்தான் நிரல்மொழியில் நாலு வரி போதும். ஆனாலும் தலைகீழ் போலிஷ் முறையில் ஓடும் ஒரு மொழியைச் சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. இந்த வேலை அதற்கு ஒரு சாக்கு.

தலைகீழ் போலிஷ் முறை என்றால் முதலில் மதிப்புகள், பிறகு செயல். 3 + 4 என்று எழுதாமல் 3 4 + என்று எழுதுவோம். எண்கள் வந்த வரிசையில் ஸ்டாக்கில் ஏறும்; ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மேலிருந்தே எடுக்கும் அடுக்குதான் ஸ்டாக். + வந்ததும் மேலே இருக்கும் இரண்டையும் எடுத்துக் கூட்டி, விடையைத் திரும்ப ஏற்றிவிடும். அடைப்புக்குறி வேண்டாம், எதை முதலில் கணக்கிடுவது என்ற விதியும் வேண்டாம். 1972-இல் வந்த எச்.பி.-35 கால்குலேட்டர் இப்படித்தான் ஓடியது. சார்லஸ் மூரின் ஃபோர்த் மொழி, அச்சுப்பொறிகளுக்கான அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, எச்.பி. கால்குலேட்டர்களில் பிற்பாடு வந்த ஆர்.பி.எல். எல்லாம் இதே குடும்பம்தான்.

எண்கள் வரைக்கும் எல்லாம் சுலபம். கூட்டலோ பெருக்கலோ, இரண்டு உள்ளே போகும், ஒன்று வெளியே வரும். சரங்களில், அதாவது எழுத்துகளின் வரிசைகளில், அந்த ஒழுங்கு கிடையாது. ஒரு சரத்துக்குள் இன்னொன்றைத் தேடினால் என்ன திரும்ப வர வேண்டும்? கிடைத்த இடமா, கிடைத்தது என்ற தகவலா, மிச்சச் சரமா? கிடைக்காவிட்டால் என்ன வர வேண்டும்? ஆபரேட்டர் (செயலைச் சொல்லும் சொல்) என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்கு அதிக நேரம் போகவில்லை. செய்து முடித்த பிறகு ஸ்டாக்கில் எதை, எந்த வரிசையில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதில்தான் போனது.

அடிப்படை

மொழியை ஓட்டும் பொறியைப் பைத்தானில் எழுதினேன். ஸ்டாக் என்பது ஒரு பட்டியல். சொல்லையும் அதற்கான வேலையையும் இணைக்கும் ஓர் அகராதி. நிரலை இடமிருந்து வலமாகப் படிக்கும் ஒரு சுழல். அவ்வளவுதான். எண்ணோ சரமோ வந்தால் ஏற்று, சொல் வந்தால் அகராதியில் பார்த்து ஓட்டு. புதிய சொல்லை ஃபோர்த் பாணியில் முக்காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் நடுவே எழுதி வரையறுக்கலாம். சொற்கள் எல்லாம் தமிழில்: நகல் (மேலே உள்ளதை இன்னொரு முறை ஏற்று), நீக்கு, இடமாற்று (மேல் இரண்டை மாற்று), சுழற்று (மூன்றாவதை மேலே கொண்டு வா).

ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அது எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்று எழுதி வைப்பது ஃபோர்த்காரர்களின் பழக்கம். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்:

    சேர்    ( சரம் சரம் -- சரம் )
    நீளம்   ( சரம் -- எண் )
    வெட்டு  ( சரம் தொடக்கம் எத்தனை -- சரம் )

வலது ஓரத்தில் இருப்பதுதான் ஸ்டாக்கின் மேல்பகுதி. சேர் எழுதும்போது இதைக் கவனிக்க வேண்டும்: முதலில் கைக்கு வருவது வலப்பக்கச் சரம், இரண்டாவதாக வருவதே இடப்பக்கம். கூட்டலில் வரிசை மாறினால் யாருக்கும் தெரியாது. "மழை" "நீர்" சேர் என்றால் "மழைநீர்" வர வேண்டும், "நீர்மழை" அல்ல.

நிரலைச் சொற்களாகப் பிரிப்பதிலும் சரம் ஒரு தனி வழக்கு. இடைவெளி வந்த இடத்தில் எல்லாம் வெட்டினால் இடைவெளி உள்ள சரம் துண்டாகிவிடும். போஸ்ட்ஸ்கிரிப்ட்டில் சரத்தை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். உள்ளே சோடி சோடியாக அடைப்புக்குறி வந்தாலும் அது எண்ணிப் பார்த்துக்கொள்ளும். ஃபோர்த்தில் மேற்கோளைத் தொடங்கும் குறியே ஒரு சொல். அது ஓடும்போது அடுத்த மேற்கோள் வரை தானே படித்து விழுங்கிவிடும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி கட்டாயம், ஆனால் அது சரத்தில் சேராது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. மேற்கோளுக்குள் இருப்பது எல்லாம் சரம் என்று ஒரே விதி.

+ குறியைச் சரங்களுக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஆர்.பி.எல். அப்படித்தான் செய்கிறது: இரண்டில் ஒன்று சரமாக இருந்தால் மற்றதையும் சரமாக்கி ஒட்டிவிடும். கால்குலேட்டரில் அது வசதி. ஆனால் என் வேலையே "7" என்ற சரமும் 7 என்ற எண்ணும் அடிக்கடி கலக்கும் இடம். "7" 5 + என்றால் விடை 12-ஆ, "75"-ஆ? அதனால் + எண்களுக்கு மட்டும், சேர் சரங்களுக்கு மட்டும். கலந்தால் பிழை.

ஒரு எழுத்து என்றால் எவ்வளவு?

நீளம் என்ற சொல்லை எழுத உட்கார்ந்ததும் முதல் கேள்வியே இதுதான். "தமிழ்" என்ற சரத்தின் நீளம் என்ன? கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 பைட்டுகளில் எண்ணினால் 15. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடின் குறியீடுகளாக எண்ணினால் 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நாம் எண்ணினால் 3. போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் சரம் பைட்டுகளின் வரிசை என்பதால் அதன் லெங்த் ஆபரேட்டர் 15 என்றுதான் சொல்லும். பைத்தானின் லென் 5 என்கிறது.

நீளம் தப்பாக இருந்தால் வெட்டும் தப்பாகும். ஒரு சரத்தின் கடைசி மூன்று எழுத்துகளை எடுக்க இப்படி எழுத வேண்டும் (தொடக்கத்தை 0-இலிருந்து எண்ணுகிறேன்):

    "திருக்குறள்" நகல் நீளம் 3 - 3 வெட்டு

பொறியில் "தடம்" என்று ஒரு வசதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் ஸ்டாக்கை அச்சடிக்கும். இந்தத் திட்டத்தில் எழுதியவற்றிலேயே அதிகம் பயன்பட்டது அதுதான். மேலே உள்ள வரிக்கு அது காட்டியது:

    "திருக்குறள்"
    "திருக்குறள்" "திருக்குறள்"
    "திருக்குறள்" 6
    "திருக்குறள்" 6 3
    "திருக்குறள்" 3
    "திருக்குறள்" 3 3
    "குறள்"

எழுத்தாக எண்ணியதால் "குறள்" வந்தது. இதே வரியைக் குறியீடுகளாக எண்ணி ஓட்டினால் நீளம் 11, கடைசி மூன்று ற, ள, புள்ளி, விடை "றள்". பைட்டுகளாக எண்ணினால் நீளம் 33. கடைசி மூன்று பைட்டுகள் சேர்ந்து ஒரேயொரு புள்ளி. திரையில் ஒரு வட்டத்தின் மேல் புள்ளி மட்டும் தனியாகத் தொங்கும். ஒரே நிரல், மூன்று விடைகள்.

ஆகவே சரத்தை உள்ளே எழுத்துகளின் பட்டியலாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். பிரிக்கும் விதி எளிது: யூனிகோட் வகைப்பாட்டில் "குறி" என்று வரும் எதுவும் (உயிர்க்குறிகள், புள்ளி) முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதியிலேயே இந்த வகைப்பாடு இருக்கிறது, வெளியிலிருந்து எதுவும் நிறுவ வேண்டாம். பல குறியீடுகளை ஒட்டிச் செய்த இமோஜிகளுக்கு இது போதாது. கோப்புப் பெயரில் இமோஜி வைப்பவர்களுக்கு நான் பொறுப்பல்ல. க்ஷ இரண்டாக எண்ணப்படும், ஸ்ரீ-யும் அப்படியே. யூனிகோடின் பொது விதியும் தமிழில் புள்ளிக்கு அப்புறம் வரும் மெய்யைத் தனி எழுத்தாகத்தான் வெட்டுகிறது, அதனால் அதை அப்படியே விட்டேன்.

இதில் ஒரு பக்கவிளைவு. போஸ்ட்ஸ்கிரிப்ட்டில் இரண்டு சரங்களை ஒட்டுவதற்கு உள்ளமைந்த ஆபரேட்டர் கிடையாது. இரண்டின் நீளத்தையும் கூட்டி, அந்த அளவில் காலிச் சரம் ஒன்றை உருவாக்கி, புட்இன்டர்வல் என்ற ஆபரேட்டரால் இரண்டையும் அதில் வைக்க வேண்டும். அங்கே ஒட்டிய சரத்தின் நீளம் எப்போதும் இரண்டு நீளங்களின் கூட்டுத்தொகை. என் மொழியில் அது எப்போதும் உண்மையல்ல. "த" ஒரு எழுத்து. இகரக் குறி மட்டும் தனியாக உள்ள சரமும் ஒரு எழுத்து. இரண்டையும் சேர்த்தால் "தி", அதுவும் ஒரு எழுத்துதான். ஆகவே சேர் ஒவ்வொரு முறையும் ஒட்டிய இடத்தை மறுபடி பிரித்துப் பார்க்கிறது.

ஒகரத்தால் வந்த சிக்கல் வேறு ரகம். "கொடி" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. சமம்தானா என்று கேட்டால் பைத்தான் இல்லை என்கிறது. பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும் கோப்பு முறைகளும் உண்டு, மேக் கணினிகளின் எச்.எஃப்.எஸ். பிளஸ் அப்படிப்பட்டது. அதனால் விசைப்பலகையில் தட்டிய "கொடி"யும் வட்டிலிருந்து வந்த "கொடி"யும் பொருந்தாமல் போகலாம். நிரலில் உள்ள சரமோ வெளியிலிருந்து வரும் பெயரோ, எதுவானாலும் ஸ்டாக்கில் ஏறும் முன் சேர்த்த வடிவுக்கு மாற்றிவிடுகிறேன். ஔகாரத்தில் மட்டும் இது முழுத் தீர்வாகாது: பலர் "கௌ" என்பதை எகரக் குறியோடு ள சேர்த்துத் தட்டுகிறார்கள். அது யூனிகோடின் பார்வையில் வேறு எழுத்து. அதைத் திருத்தத் தமிழ்ச் சொல் அகராதிதான் வேண்டும்.

தொடக்கமும் எத்தனையும்

வெட்டு என்பதற்குத் தொடக்கமும் முடிவும் கொடுப்பதா, தொடக்கமும் எத்தனை எழுத்து என்பதும் கொடுப்பதா? ஆர்.பி.எல்.-இன் சப் 1-இலிருந்து எண்ணி, தொடக்கம், முடிவு இரண்டையும் கேட்கும். போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் கெட்இன்டர்வல் 0-இலிருந்து எண்ணி, தொடக்கமும் எண்ணிக்கையும் கேட்கும். பெயர் வைத்த மாறிகள் உள்ள மொழியில் எதுவானாலும் ஒன்றுதான். ஸ்டாக்கில் அப்படியல்ல. கடைசி மூன்று எழுத்தை எடுக்கும் வரியைத் தொடக்கம், முடிவு முறையில் எழுதினால் நீளம் இரண்டு முறை தேவைப்படுகிறது:

    நகல் நீளம் நகல் 3 - இடமாற்று வெட்டு

முன்பு நீளத்தை ஒரே முறை பயன்படுத்தினோம்; இங்கே அதற்கு இன்னொரு நகல் எடுத்து, கடைசியில் வரிசையையும் மாற்ற வேண்டியிருக்கிறது. இது சின்ன விஷயம்தான். ஆனால் ஸ்டாக் மொழியில் நிரல் படிக்க முடியாமல் போவது இந்த இடமாற்றுகளால்தான். எண்ணிக்கை முறையே எனக்கு ஒத்துவந்தது.

சரத்தின் எல்லையைத் தாண்டி வெட்டச் சொன்னால் பைத்தான் கிடைத்த வரை கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். போஸ்ட்ஸ்கிரிப்ட் ரேஞ்ச்செக் என்று பிழை காட்டி நிற்கும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை: நிற்க வேண்டும். மாறிப் பெயர்கள் இல்லாத மொழியில் தப்பான எண் ஒன்று மேலே ஏறிவிட்டால் அதைக் கண்ணால் பிடிப்பது கடினம். மௌனமாகக் குறைத்துக் கொடுத்தால் தவறு பத்துச் சொல் தள்ளித்தான் தெரியவரும்.

இந்தக் கடைசி மூன்றைக் கொண்டே பூஜ்யம் நிரப்பலாம் என்று தோன்றும். முன்னால் "00" ஒட்டிவிட்டுக் கடைசி மூன்றை எடுத்தால் போயிற்று:

    "00" இடமாற்று சேர் நகல் நீளம் 3 - 3 வெட்டு

"7" கொடுத்தால் "007", "12" கொடுத்தால் "012". அழகாக இருக்கிறது. "1234" கொடுத்தால் "234". போச்சு, ஓர் இலக்கம் காணாமல் போய், உண்மையான 234-ஆம் படத்தோடு மோதும். கோப்புப் பெயரில் இது விளையாட்டல்ல. அதனால் நிரப்பு ( சரம் அகலம் எழுத்து -- சரம் ) என்று தனிச் சொல் வைத்து, ஏற்கனவே அகலமாக இருந்தால் தொடாதே என்று விதி போட்டேன்.

தேடு எதை விட்டுச்செல்ல வேண்டும்

இந்தத் திட்டத்தில் ரசித்துச் செய்த பகுதி இது.

ஆர்.பி.எல்.-இல் பாஸ் என்ற சொல் இருக்கிறது. தேடியது எந்த இடத்தில் என்று எண் கொடுக்கும், இல்லாவிட்டால் 0. சுத்தமான ஏற்பாடு; இரண்டு உள்ளே, ஒன்று வெளியே. ஆனால் அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. முன்பகுதி வேண்டும் என்றால் அந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து வெட்ட வேண்டும். பின்பகுதி வேண்டும் என்றால் தேடிய சரத்தின் நீளத்தைக் கூட்டி வெட்ட வேண்டும். பாஸ் அசல் சரத்தை விழுங்கிவிடுவதால் முன்கூட்டியே நகலும் எடுத்து வைக்க வேண்டும். எண்ணை யாருமே எண்ணாகப் பயன்படுத்துவதில்லை, வெட்டத்தான் கேட்கிறோம்.

ஃபோர்த்தின் சர்ச் ஒரு படி மேலே போகிறது. அங்கே ஒரு சரம் என்பதே ஸ்டாக்கில் இரண்டு மதிப்பு: நினைவகத்தில் அது தொடங்கும் முகவரி, அதன் நீளம். தேடியது கிடைத்தால் அது தொடங்கும் இடத்திலிருந்து சரத்தின் கடைசி வரை உள்ள பகுதியையும் கிடைத்ததற்கு அடையாளமாக உண்மை என்ற கொடியையும் விடும். கிடைக்காவிட்டால் கொடுத்த சரத்தையே பொய்யோடு திருப்பித் தரும். வெட்டுவதற்கு எதையும் பிரதி எடுக்க வேண்டியதில்லை, முகவரியை நகர்த்தி நீளத்தைக் குறைத்தால் போதும். வேகம் என்றால் இதுதான் வேகம். ஆனால் இரண்டு சரங்களைக் கையாள நாலு மதிப்புகளை உருட்ட வேண்டும். இரண்டிரண்டாக மாற்றும், இரண்டிரண்டாக நகலெடுக்கும் சொற்கள் ஃபோர்த்தில் தனியாக இருப்பது சும்மா இல்லை.

போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் சர்ச் வெட்டும் வேலையையும் தானே முடித்துவிடுகிறது. கிடைத்தால் ஸ்டாக்கில் நான்கு மதிப்புகள்: அடியில் பின்பகுதி, அதன் மேல் பொருந்திய துண்டு, அதன் மேல் முன்பகுதி, உச்சியில் உண்மை. கிடைக்காவிட்டால் இரண்டு: அசல் சரம், பொய். முதலில் பார்த்தபோது வரிசை தலைகீழாக இருப்பதாகத் தோன்றியது. ஏன் பின்பகுதி அடியில்? அச்சடிக்கும் மொழி என்பதை நினைத்துப் பார்த்தால் விளங்கும். ஒரு வரியைத் துண்டு துண்டாகத் தாளில் எழுதும்போது, உச்சியில் உள்ள முன்பகுதியை உடனே ஷோ கொடுத்து எழுதிவிடலாம். பொருந்திய துண்டை நீக்கிவிடலாம். மிஞ்சுவது பின்பகுதி மட்டும். அடுத்த சுற்றுக்கு அதுவே தயாராக மேலே நிற்கிறது. ஓர் இடமாற்றுகூடத் தேவையில்லை. நறுக்கென்ற வடிவமைப்பு.

அதையே என் மொழியில் தேடு என்று வைத்து ஓட்டினேன்:

    "படம்_7" "_" தேடு
    →  "7" "_" "படம்" உண்மை

இதிலிருந்து "படம்_007" செய்ய, உண்மை கழிந்த பிறகு எழுத வேண்டியது:

    இடமாற்று சேர் இடமாற்று 3 "0" நிரப்பு சேர்

வேலை செய்கிறது. ஆனால் நான் தாளில் எதையும் எழுதவில்லை. பிரித்ததைத் திருத்தி மறுபடி ஒட்டுகிறேன். அந்த வேலைக்கு இந்த வரிசை எதிர்த்திசையில் இருக்கிறது. சரி, திருப்பிப் போடலாம் என்று முன்பகுதியை அடியிலும் பின்பகுதியை மேலும் வைத்தேன்:

    "படம்_7" "_" தேடு
    →  "படம்" "_" "7" உண்மை

இப்போது:

    3 "0" நிரப்பு சேர் சேர்

இரண்டு இடமாற்றுகளும் ஒழிந்தன. இன்னொரு நன்மையும் கூடவே வந்தது: தேடிக் கிடைத்த பிறகு எதையும் தொடாமல் சேர் சேர் என்றால் அசல் சரம் அப்படியே திரும்பி வர வேண்டும். இதை ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறேன். தேடுவதில் எதை மாற்றினாலும் முதலில் ஓட்டிப் பார்ப்பது இதைத்தான்.

காற்புள்ளியில் பிரித்துப் பட்டியலாக்கும் வேலையிலும் இந்த வரிசையே கைகொடுக்கிறது. போஸ்ட்ஸ்கிரிப்ட்டில் திறக்கும் சதுர அடைப்பும் ஓர் ஆபரேட்டர்தான்; ஸ்டாக்கில் ஓர் அடையாளத்தை வைக்கும். மூடும் அடைப்பு அந்த அடையாளம் வரைக்கும் மேலே உள்ளதை எல்லாம் வாரிப் பட்டியலாக்கும். அதை நானும் எடுத்துக்கொண்டேன் (எனில் என்ற சொல் உச்சியில் உள்ள உண்மையையோ பொய்யையோ எடுத்துப் பார்த்து வழி பிரிக்கும்):

    [ "கண்,காது,மூக்கு"
      { "," தேடு
        எனில் இடமாற்று நீக்கு
        இல்லையேல் வெளியேறு முடி
      } சுழல்
    ]

ஒரு சுற்று முடிந்ததும் அடையாளத்தின் மேல் "கண்", அதன் மேல் "காது,மூக்கு". அடுத்த சுற்றில் "கண்" "காது" "மூக்கு". கடைசிச் சுற்றில் காற்புள்ளி கிடைக்காது. தேடு பொய்யோடு சரத்தையும் விட்டுச் செல்வதால் "மூக்கு" இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும். கிடைக்காதபோது வெறும் பொய்யை மட்டும் விட்டிருந்தால் கடைசித் துண்டு ஒவ்வொரு முறையும் தொலைந்திருக்கும். போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் வரிசையில் இதே சுழலுக்கு இன்னொரு இடமாற்று கூடுதலாக வேண்டும். அங்கே அச்சடிப்பது சுலபம், இங்கே சேகரிப்பது சுலபம்.

இதைப் பிரி ( சரம் பிரிப்பான் -- பட்டியல் ) என்று பெயரிட்டு வைத்தேன். எதிர்வேலைக்கு இணை ( பட்டியல் பிரிப்பான் -- சரம் ). இரண்டும் இருந்தால் மாற்று என்ற சொல் தானாக வந்துவிடுகிறது:

    : மாற்று  ( சரம் பழையது புதியது -- சரம் )
      சுழற்று சுழற்று பிரி இடமாற்று இணை ;

இரண்டு சுழற்றுகளும் புதியதை அடியில் தள்ளுகின்றன. பிரி தன் வேலையை முடித்த பிறகு அதை மேலே எடுத்து இணைக்குக் கொடுக்கிறோம்.

தேடுவதில் இரண்டு விளிம்புகளை மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது. ஒன்று, வெறும் சரத்தைத் தேடச் சொன்னால் அது எல்லா இடத்திலும் பொருந்தும். பிரிக்கும் சுழல் முடியவே முடியாது. அதனால் தேடு அதைப் பிழை என்று நிறுத்திவிடும். இன்னொன்று, "தமிழ்" என்பதில் "ம" இருக்கிறதா? குறியீடுகளாகத் தேடினால் இருக்கிறது. முன்பகுதி "த", பொருத்தம் "ம", பின்பகுதி ஒண்டியாக நிற்கும் இகரக் குறியோடு தொடங்கும் ஒரு சரம். எழுத்தாகத் தேடினால் அதில் இருப்பது "மி", "ம" இல்லை. பட்டியலாகச் சேமித்திருப்பதால் என் தேடு இரண்டாவது விடையைத்தான் சொல்லும். மெய்யைக் கொண்டு தேட விரும்புபவருக்கு இது போதாது என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தேவை வேறு சொல்லுக்கு உரியது.

பகிர்ந்த நினைவகமும் பெருகும் சரமும்

போஸ்ட்ஸ்கிரிப்ட்டைப் படித்தபோது தெரிந்த ஒரு குணத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே சரம் மாறக்கூடியது. கெட்இன்டர்வலோ சர்ச்சோ கொடுக்கும் துண்டு தனிப் பிரதி அல்ல. அசல் சரத்தின் ஒரு பகுதியை அதே நினைவகத்தில் பார்க்கும் சன்னல். துண்டில் ஓர் எழுத்தை மாற்றினால் அசலும் மாறும். டூப் கொடுத்து நகலெடுத்தாலும் அதே கதைதான். எண்ணைச் சரமாக்கும் சிவிஎஸ் ஆபரேட்டருக்கு நாமே ஒரு காலிச் சரத்தைக் கொடுக்க வேண்டும். ஒரே காலிச் சரத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்து விடைகளைப் பட்டியலில் போட்டால், கடைசியில் எல்லா இடத்திலும் கடைசி எண்ணின் எழுத்துகளே தெரியும். குறைந்த நினைவகத்தில் ஓட வேண்டிய அச்சுப்பொறிக்கு அது நியாயமான சிக்கனம். எனக்கு அந்தச் சிக்கனம் தேவையில்லை. பைத்தானின் சரம் மாறாதது, என் பட்டியல்களையும் மாறாத வகையாகவே வைத்துவிட்டேன்.

இன்னொரு பாதுகாப்பு பிட்காயினின் ஸ்கிரிப்ட் மொழியிலிருந்து கற்றது. அதுவும் ஸ்டாக் மொழிதான். சரங்களை ஒட்டும் கேட் ஆபரேட்டர் அதில் ஆரம்பத்தில் இருந்தது, 2010-இல் முடக்கப்பட்டது. காரணத்தை என் மொழியிலேயே பார்க்கலாம்: நகல் சேர் என்ற இரண்டே சொல் சரத்தை இரட்டிப்பாக்கும். ஒரு பைட்டில் தொடங்கி அதை 40 முறை எழுதினால் நீளம் ஒரு லட்சம் கோடி பைட்டைத் தாண்டிவிடும். நிரல் சின்னதுதான், நினைவகம் காலி. என் மொழியை யாரும் தாக்கப் போவதில்லை. ஆனாலும் சுழலில் ஒரு சொல் கூடுதலாகிப்போனால் கணினி உறைந்து நிற்பதை நான் விரும்பவில்லை. சேர் உருவாக்கும் சரத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்தேன்.

கோப்புகளின் மேல்

அசல் வேலைக்கு வருகிறேன். கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் நீட்டிப்பை முன்பே கழற்றி வைத்துவிடுகிறேன். ஸ்டாக்கில் ஏறுவது பெயர் மட்டும். "மலை_படம்_7" போல இரண்டு அடிக்கோடு உள்ள பெயர்களுக்குத் தேடு உதவாது. அது முதல் அடிக்கோட்டில் நின்று, "படம்_7" என்பதை எண்ணாக எடுத்து, ஏற்கனவே அகலமாக இருக்கிறது என்று தொடாமல் விட்டுவிடும். கடைசியிலிருந்து தேடும் பின்தேடு தேவைப்பட்டது. விட்டுச் செல்லும் வரிசை அதே முன், பொருத்தம், பின், உண்மை. தேடும் திசை மாறினாலும் வரிசை மாறக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

அடுத்து, அடிக்கோட்டுக்குப் பின்னால் எண்தான் இருக்கும் என்று உறுதியில்லை. "படம்_மலை" என்ற பெயரை நிரப்பு "படம்_0மலை" ஆக்கிவிடும். ஆகவே எண்தானா ( சரம் -- சரம் உண்மை ). இது சரத்தை விழுங்காமல் அடியில் விட்டுவிட்டு, பதிலை மட்டும் மேலே வைக்கிறது. நீளம் விழுங்குகிறது, இது ஏன் விழுங்குவதில்லை என்று கேட்டால், நீளத்துக்குப் பிறகு சில நேரம் சரம் தேவையில்லை. எண்தானா என்று கேட்டவருக்கு எப்போதுமே அடுத்து அந்தச் சரம் தேவை.

    : எண்நிரப்பு  ( சரம் -- சரம் )
      எண்தானா எனில்
        எண்ணாக்கு சரமாக்கு 3 "0" நிரப்பு
      முடி ;

    : திருத்து  ( சரம் -- சரம் )
      "_" பின்தேடு எனில்
        எண்நிரப்பு சேர் சேர்
      முடி ;

இரண்டிலும் இல்லையேல் பகுதியே இல்லை என்பதைப் பாருங்கள். பொய் வந்தால் சரம் ஏற்கனவே சரியான இடத்தில் இருக்கிறது, செய்ய ஒன்றுமில்லை. எந்த வழியில் போனாலும் ஒரு சரம் உள்ளே, ஒரு சரம் வெளியே.

நடுவில் எண்ணாக்கிவிட்டு மறுபடி சரமாக்குவது வீண்வேலை போலத் தெரியலாம். "0007" போன்றவற்றைச் சீராக்க அது வேண்டும். அதோடு பைத்தானின் இன்ட் தமிழ் இலக்கங்களையும் எண்ணாகப் படிக்கும்: "௧௨" கொடுத்தால் 12. பத்து, நூறு, ஆயிரத்துக்கு உரிய ௰, ௱, ௲ மட்டும் யூனிகோடில் இலக்கம் என்ற வகையில் இல்லாததால் ஏற்காது. எண்ணாக்காமல் விட்டிருந்தால் "படம்_௭" என்பது "படம்_00௭" ஆகியிருக்கும்.

பெயர்களை உண்மையாகவே மாற்றும் முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடும் ஒத்திகை ஒன்று உண்டு. "படம்_7", "படம்_07" இரண்டும் ஒரே அடைவில் (ஃபோல்டரில்) இருந்தால் இரண்டுமே "படம்_007" ஆகும். திருத்து ஒரு சமயத்தில் ஒரு சரத்தை மட்டும் பார்ப்பதால் இதை அது கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒத்திகை புதுப் பெயர்களை எல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்து, ஏதாவது இரண்டு முறை வந்தால் அந்த இரண்டு கோப்புகளையும் தொடாமல் ஒதுக்கி, மற்றவற்றை மட்டும் மாற்றுகிறது. ஒதுக்கியவற்றுக்குப் பெயர் வைப்பது கையால்தான்.